ஆப்கான் வீரனின் உடைக்கு எந்தப் பழைய படத்தை நம்பலாம்?

நாடகத்துக்கோ நாவல் அட்டைக்கோ படக்கதைக்கோ 19-ஆம் நூற்றாண்டு ஆப்கான் வீரன் ஒருவனை வரைய வேண்டும் என்று தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுபவை பிரிட்டிஷ் படை அதிகாரி ஜேம்ஸ் ராட்ரேயின் வண்ணப் படங்கள்தாம். பாறை மறைவில் நீளத் துப்பாக்கியோடு குறிபார்க்கும் கோஹிஸ்தான் காலாட்கள், ஆட்டுத்தோல் அங்கி போர்த்திய குளிர்கால வீரர்கள், முழுக் கவசம் பூண்ட துர்ரானி (ஆப்கான் அரச குலம்) தலைவர்கள் என்று அழகில் அவற்றுக்கு ஈடில்லை. அந்த அழகினாலேயே 1809-இல் நடக்கும் கதைக்கும் அவற்றை எடுக்கிறார்கள், 1880-இல் நடக்கும் கதைக்கும் அவற்றையே எடுக்கிறார்கள். ராட்ரே பார்த்தது முதல் ஆங்கில-ஆப்கான் போர்க்காலத்து (1839–42) மனிதர்களை. அதற்கு முப்பது ஆண்டு முந்தியவனுக்கும் நாற்பது ஆண்டு பிந்தியவனுக்கும் வேறு படங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படத்தைத் தேடுமுன் நான்கு விஷயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, ஊர், பருவம், அந்த ஆளின் தகுதி. இவற்றில் பருவத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். காபூல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டும். பெஷாவர் சமவெளி; கோடையில் அனல் பறக்கும். பெஷாவர்க் கோடை உடையில் இருப்பவனைக் கொண்டுபோய் 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கும் காட்சியில் நிறுத்தினால், மெல்லிய பருத்திச் சட்டையோடு பனியில் நிற்பான். எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் அந்தப் படம் பொய்யாகிவிடும்.

1815: எல்பின்ஸ்டனின் படங்கள்

மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் 1809 பிப்ரவரி இறுதியில் தூதராகப் பெஷாவர் வந்து, ஜூன் வரை ஆப்கான் அரசர் ஷா ஷூஜாவின் அவையோடு உறவாடியவர். காபூலுக்கு அவர் போகவே இல்லை. 1815-இல் லண்டனில் வெளியான அவரது நூலில் அக்வாடின்ட் முறையில் (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து) அச்சிட்டுக் கையால் வண்ணமிட்ட 13 படங்கள் உண்டு. துர்ரானிப் பிரமுகர், துர்ரானி இடையன், ஆயுதம் தாங்கிய துர்ரானிக் கிராமத்தான், யூசுப்சாய், ஹஸாரா, பெஷாவரின் கோடை உடையில் ஒரு தாஜிக், அதே ஊரின் குளிர்கால உடையில் ஒரு ஹிந்த்கி, பதவி உடையில் அரசவை அதிகாரிகள் என்று ஒரு தாளுக்கு ஒருவர் நிற்கிறார்.

இவற்றின் பலம் அமைதி. போர் வருவதற்கு முன், தூதுக்குழு ஒன்று பொறுமையாகப் பார்த்துப் பதிந்தவை. அதனால் ஆயுதம் இல்லாத இடையனுக்கும் நகரவாசிக்கும்கூட இடம் கிடைத்திருக்கிறது. பலவீனம், ஒரு குலத்துக்கு ஒரு மனிதன் என்ற அமைப்பு. யூசுப்சாய் படத்தில் இருப்பவர் ஒரு நாள் ஒருவர் உடுத்தியிருந்ததைக் காட்டுகிறார். அதையே குலத்தின் சீருடையாக்கிப் பத்துப் பேருக்கு உடுத்திவிடக் கூடாது. ஆளின் நிற்கும் தோரணையும் முகவெட்டும் ஐரோப்பியக் கலைஞர் கைவண்ணம். துணி விழும் விதத்தை இவற்றிலிருந்து கற்க முடியாது.

ஆனால் நூலின் உரைப்பகுதி பொன்னானது. மேற்கு ஆப்கானியரின் உடையை எல்பின்ஸ்டன் வரிசையாகச் சொல்கிறார்: கருநிறப் பருத்தித் துணியில் தொளதொளத்த கால்சட்டை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறங்கும், கை அகன்ற பெரிய சட்டை, பக்கங்கள் கறுப்புப் பட்டும் உச்சி சரிகைத் துணியோ பளிச்சென்ற வேறு துணியோ ஆன தாழ்ந்த குல்லா, கெண்டைக்கால்வரை கயிறோ பொத்தானோ இட்டு இறுக்கும் பழுப்புத் தோல் காலணி, இவற்றின்மேல் கணுக்கால்வரை தொங்கும் ஆட்டுத்தோல் அங்கி அல்லது மென்மையான சாம்பல்நிறக் கம்பள அங்கி. அந்த அங்கியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். கைகளை நுழைக்காமல் சும்மா தொங்கவிடுவார்கள். தையல்காரரிடம் கொடுக்க இதைவிடத் தெளிவான குறிப்பு அக்காலத்தில் இல்லை. 1800 முதல் 1830வரையான கதைக்கு இந்த நூல்தான் முதல் தேர்வு. 1815-இன் பெரிய அளவுப் பதிப்பையே தேடுங்கள். பின்வந்தவை சிறிய அளவில் அச்சானவை.

1839–42: நான்கு பேர், நான்கு கண்

முதல் போர்க்காலத்துக்கு மட்டும் போட்டி அதிகம். ஜேம்ஸ் ஆட்கின்சன் படையின் தலைமை மருத்துவர்களில் ஒருவர். பாரசீகக் காப்பியமான ஷாநாமாவின் பகுதியை 1814-லேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பாரசீக அறிஞர். 1842-இல் வெளிவந்த அவரது தொகுப்பில் போலன் கணவாய், கஜ்னிக் கோட்டை, பழக்காலத்துக் காபூல் கடைத்தெரு, ஷா ஷூஜாவின் தர்பார், 1840-இல் காபூல் அமீர் (அரசர்) தோஸ்த் முகமது சரணடைந்த காட்சி ஆகியவை இடம்பெற்றுள்ளன. மனிதர்கள் சிறிதாகவே தெரிகிறார்கள். பொத்தான் எங்கே, தையல் எங்கே என்று தேடிப் பயனில்லை. ஆனால் கடைத்தெருவில் யார் எப்படிக் குந்தியிருக்கிறார்கள், கூரை எப்படி மூடியிருக்கிறது, கூட்டத்தில் எத்தனை பேர் அங்கி போர்த்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இவரிடம்தான் கிடைக்கும். பின்னணிக்கு ஆட்கின்சனை விட்டால் வேறு ஆளில்லை.

லாக்யர் வில்லிஸ் ஹார்ட் பம்பாய்ப் படையின் 22-ஆம் காலாட்படையில் கேப்டன். 1843-இல் வந்த அவரது தொகுப்பு மக்களுக்காகவும் உடைக்காகவுமே ஆனது. ராட்ரே அளவுக்குப் பெயர் பெறாதவர். கண்ணைக் கவரும் வண்ணம் அவரிடம் குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. சாதாரண ஆளின் உடையைப் பார்க்க ஹார்ட் கட்டாயம் வேண்டும்.

வின்சென்ட் ஐர் 1842 ஜனவரி முதல் செப்டம்பர்வரை ஆப்கானியரிடம் கைதியாக இருந்த பீரங்கிப்படை அதிகாரி. அவருடைய 1843 தொகுப்பில் ஒரு பொறி இருக்கிறது: ஆப்கான் உடையில் தெரியும் பலர் பிரிட்டிஷ் கைதிகள். கிடைத்ததை உடுத்திக்கொண்டவர்கள் அவர்கள். தலைப்பைப் பார்க்காமல் அந்த உடையை மாதிரியாக எடுத்தால், ஊரார் யாருமே அணியாத ஒரு சேர்க்கை உங்கள் பாத்திரத்தின் மேல் ஏறிவிடும்.

இனி ராட்ரே. வங்கப் படையின் லெப்டினன்ட். 1847–48-இல் லண்டனில் வெளியான அவரது தொகுப்பில் சுமார் முப்பது கல்லச்சுப் படங்கள் (கல்லில் வரைந்து அச்சிட்டவை). அடுக்கடுக்காக உடுத்தும் முறையைக் காட்டுவதில் இவருக்கு நிகர் யாருமில்லை. குல்லாவின்மேல் தலைப்பாகை, சட்டையின்மேல் இடைக்கச்சை, கச்சையில் செருகிய கத்தி, அதன்மேல் தோட்டாப் பைகளும் வெடிமருந்துக் குடுக்கைகளும் தொங்கும் தோல் வார், எல்லாவற்றுக்கும் மேலே போஸ்தீன் (ஆட்டுத்தோல் அங்கி) என்று எதன்மேல் எது வரும் என்ற வரிசை அவர் படத்தில் தெளிவாகத் தெரியும். உடை தைப்பவருக்கு இந்த வரிசைதான் உயிர்.

அவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. நூல் வெளிவந்தது 1842-இன் பேரழிவு லண்டன் வாசகர் மனதில் பதிந்துவிட்ட பிறகு. அந்த வாசகர் எதிர்பார்த்த ஆப்கானியன் பாறையிடுக்கில் பதுங்கி, எந்நேரமும் சுடத் தயாராக இருப்பவன். ஆகவே ஆயுதங்கள் குவிந்திருக்கின்றன. தலைவர்களின் பகட்டு தூக்கலாக இருக்கிறது. உழவனும் ஒட்டகக்காரனும் அரிதாகிறார்கள். துர்ரானித் தலைவர்களின் இரும்புச் சட்டையும் தலைக்கவசமும் செல்வரின் விழா உடைக்கு நெருங்கியவை. படை முழுவதற்கும் மாட்டிவிடக் கூடாது.

பெண்களின் படங்களை இன்னும் தள்ளி வைத்துப் பாருங்கள். காபூல் பெண்கள் வீட்டுக்குள் ஒருவிதமாகவும் வெளியே தலைமுதல் கால்வரை வெள்ளைப் போர்வையிலும் இருப்பதை ராட்ரே வரைந்திருக்கிறார். புகை பிடிக்கும் கிஸில்பாஷ் (பாரசீக வழிவந்த காபூல் சமூகம்) சீமாட்டியும் உண்டு. அந்நியப் படை அதிகாரி ஒருவர் கௌரவமான குடும்பத்தின் அந்தப்புரத்துக்குள் உட்கார்ந்து வரைந்திருக்க வழியில்லை. வெளிப்போர்வையை நம்பலாம், தெருவில் யாரும் பார்த்திருக்கக்கூடியது. உள்ளறை உடையை, அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் துணிகளோடு ஒப்பிடாமல் எடுக்காதீர்கள்.

1878–80: பர்க்கின் ஒளிப்படங்கள்

ஜான் பர்க் இரண்டாம் போரில் பெஷாவர்ப் பள்ளத்தாக்குப் படையோடு சென்று, பிறகு காபூலிலும் படமெடுத்தவர். 1879 மே மாதம் கண்டமக்கில் அமீர் யாகூப் கானும் பிரிட்டிஷ் தூதர் கவாக்னாரியும் சேர்ந்து உட்கார்ந்த படம் அவருடையதுதான். கைபர்த் தலைவர்கள், சர்தார்கள், அவர்களின் ஆட்கள் எனக் கூட்டங்கூட்டமாக எடுத்திருக்கிறார். தலைப்பாகை எந்தக் காதின்மேல் தாழ்கிறது, அதன் வால் எங்கே விழுகிறது, அங்கியின் கை எத்தனை விரல் நீளம் அதிகம், கால்சட்டை கணுக்காலில் எப்படிச் சுருங்குகிறது என்பவற்றை ஓவியர் எவரும் இந்த நேர்மையோடு காட்டவில்லை. துணியின் எடையைப் படத்திலிருந்தே ஊகிக்க முடியும்.

நிறத்தை மட்டும் கேட்காதீர்கள். பர்க் பயன்படுத்தியது ஈர கொலோடியன் கண்ணாடித் தகடு. அது நீல ஒளிக்கு மிகக் கூர்மையாகவும் சிவப்பு, மஞ்சள் ஒளிக்கு மந்தமாகவும் எதிர்வினை காட்டும். விளைவு தலைகீழானது: அவுரியில் தோய்த்த நீலத் தலைப்பாகை வெளிறி, சில நேரம் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும், சிவப்புச் சட்டை கறுப்பாகும், மஞ்சள் சாயமேற்றிய போஸ்தீன் தோல் இருண்டு போகும். இந்தப் படங்களைக் கணினியில் தானாக வண்ணமேற்றும் செயலிகள் இதை அறிவதில்லை. இருண்டதைக் கறுப்பென்றும் வெளிறியதை வெள்ளையென்றும் எடுத்துக்கொள்கின்றன. இணையத்தில் சுற்றும் ‘வண்ணமயமான பர்க்’ படங்களை நிறத்துக்கு ஆதாரமாகக் கொள்ளவே கூடாது.

இன்னொன்று, தகட்டுக்குச் சில நொடிகள் ஒளி தேவை. அசைந்தவர் மங்குவார். அதனால் எல்லாரும் ஆயுதத்தை ஊன்றி, தோளோடு தோள் சேர்ந்து விறைப்பாக இருக்கிறார்கள். பிரிட்டிஷ் முகாமுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர்கள். நல்ல உடையில் வந்திருப்பார்கள். தோரணையை விட்டுவிட்டு உடையை எடுங்கள்.

இக்காலத்தில் படையும் மாறிவிட்டது. அமீர் ஷேர் அலி 1869 அம்பாலா தர்பாருக்குப் பின் பிரிட்டிஷாரிடமிருந்து துப்பாக்கியும் பணமும் பெற்று, ஐரோப்பிய முறையில் நிரந்தரப் படையணிகளை வளர்த்தார். ஆக, 1879-இல் காபூலில் ஒரே தெருவில் இருவரை நிறுத்தலாம்: கோட்டு அணிந்த நிரந்தரப் படைவீரன், பாரம்பரிய உடையில் ஜெசைல் என்னும் நீளத் துப்பாக்கி ஏந்திய மலைக்குலத்தான். ராட்ரேயை மட்டும் பார்த்து வரைபவருக்கு முதலாமவன் தெரியாமலே போய்விடுகிறான்.

அதே போரின் லண்டன் பத்திரிகைப் படங்கள் எளிதில் கிடைக்கும். வில்லியம் சிம்ப்சன் போன்ற நல்ல ஓவியர்கள் களத்தில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய கோட்டோவியத்தை லண்டனில் மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். பெரிய படமென்றால் பல கட்டைகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகச் செதுக்கி இணைப்பார்கள். நிகழ்ச்சிக்கும் கூட்டத்தின் அமைப்புக்கும் பார்க்கலாம். பொத்தானுக்கும் தையலுக்கும் வேண்டாம்.

நிறத்தை யாரிடம் கேட்பது

எல்பின்ஸ்டன், ராட்ரே இருவர் படங்களிலும் நிறம் அச்சில் வந்ததன்று. கறுப்புக் கோடும் மங்கல் நிறமும் அச்சான பிறகு, மாதிரித் தாளைப் பார்த்து லண்டன் தொழிலாளர்கள் நீர்வண்ணம் தீட்டினார்கள். காபூலைக் கனவிலும் காணாதவர்கள். எனவே ஒரே படத்தின் இரு பிரதிகளில் ஒருவரின் கச்சை ஒன்றில் சிவப்பாகவும் மற்றதில் ஆரஞ்சாகவும் இருக்கக்கூடும். இதற்கு வழி எளிது: வெவ்வேறு நூலகங்கள் வெளியிட்டிருக்கும் குறைந்தது இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒத்துப்போகும் நிறத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், முரண்படுவதை விட்டுவிடுங்கள்.

வெளிறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்காலத்துக் கார்மைன் சிவப்பும் காம்போஜ் மஞ்சளும் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். மஞ்சளும் பிரஷ்ய நீலமும் கலந்து செய்த பச்சையில் மஞ்சள் போய்விட்டால் நீலம்தான் மிஞ்சும். சுவரில் நெடுங்காலம் தொங்கிய தாளில் நீலக் கோட்டு அணிந்திருப்பவன், அச்சான அன்று பச்சைக் கோட்டு அணிந்திருக்கலாம். நூலுக்குள் மூடியே இருந்த பிரதியே நம்பத்தக்கது.

ஆயுதமும் இடம்வலமும்

கல்லிலும் கட்டையிலும் படத்தை இடம்வலம் மாற்றி வரைந்தால்தான் அச்சில் நேராக வரும். யாராவது எங்காவது மறந்தாலோ, இன்றைய வடிவமைப்பாளர் பக்க அழகுக்காகப் புரட்டிப் போட்டாலோ ஆள் இடக்கைக்காரன் ஆகிவிடுவான். சோதிக்கத் துப்பாக்கியைப் பாருங்கள்: ஜெசைலின் சுடும் பொறி குழலின் வலப்பக்கம் இருக்கும். வாள் இடது இடுப்பில் தொங்கும். இரண்டும் எதிர்ப்பக்கம் இருந்தால் படம் புரண்டது என்று துணிந்து சொல்லலாம்.

ஆண்டைச் சரிபார்ப்பதற்கும் துப்பாக்கியே உதவும். முதல் போர்க்கால ஜெசைலில் திரியால் சுடும் பொறியோ சிக்கிமுக்கிக் கல் பொறியோ இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பழைய பொறியை எடுத்துப் பொருத்தியவையும் உண்டு. குழல் பெரும்பாலும் நான்கடியை நெருங்கும். கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கிக் குழல் 39 அங்குலம்தான். கட்டை மெலிந்து நன்றாக வளைந்திருக்கும். முன்புறம் ஊன்றுவதற்குக் கவட்டைக் கால் இருக்கலாம். பின்புறம் தோட்டா போடும் ஸ்னைடர் 1866-க்கும், மார்ட்டினி-ஹென்றி 1871-க்கும் பிந்தியவை. மார்பின் குறுக்கே பித்தளைத் தோட்டாக்கள் வரிசையாகச் செருகிய வார், 1842 காட்சியில் வந்தால் அது பிழை. கைபர்க் கத்திக்குக் கைகாப்பு கிடையாது; அலகின் முதுகு தடித்து நேராக ஓடும், வெட்டும் பக்கம் நுனியை நோக்கிக் குறுகும். சினிமாவில் வளைந்த குறுவாளைக் கொடுத்துவிடுகிறார்கள், வேண்டாம்.

இவற்றோடு இரண்டு உடைப் பிழைகள். சுருட்டிய விளிம்புள்ள கம்பளிப் பக்கோல் தொப்பி சித்ரால், நூரிஸ்தான் பக்கத்து மலைத் தொப்பி. நாடு முழுதும் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கொசுவம் வைத்த நீலப் பர்தாவும் பிற்காலத்தது. போஸ்தீனில் கம்பளி உட்புறமும், மஞ்சள் சாயமேற்றிப் பட்டுநூல் பூவேலை செய்த தோல் வெளிப்புறமும் வரும். ரோமத்தை வெளியே வைத்துத் தைத்துக் கொடுப்பது தையல்கூடங்களில் தொடர்ந்து நடக்கும் தவறு.

எந்தத் தேவைக்கு எது

1809-ஐ ஒட்டிய கதையென்றால் எல்பின்ஸ்டனின் உரையை வைத்துத் தையுங்கள்; படங்கள் துணைக்கு. 1839–42 என்றால் ஹார்ட்டை அடித்தளமாக வையுங்கள், ராட்ரேயிடம் அடுக்கு முறையையும் இருபிரதி ஒத்த நிறத்தையும் வாங்குங்கள், பின்னணியை ஆட்கின்சனிடம் எடுங்கள். துணி விழும் விதத்துக்கு மட்டும் பர்க்கின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். தலைப்பாகை சுற்றும் பாங்கு நாற்பதாண்டில் அடியோடு மாறிவிடவில்லை. 1878–80 என்றால் பர்க்தான் முதலும் முடிவும். நிறத்துக்கு அருங்காட்சியக உடைகள்.

மேடைக்குத் தைப்பவர்கள் ஒரே படம்தான் எடுத்துப்போக முடியுமென்றால் ராட்ரேயின் குளிர்காலக் காலாட்கள் படத்தை எடுத்துப் போகலாம். தலைப்பாகைக்கு நான்கு முதல் ஆறு மீட்டர் மெல்லிய பருத்தி போதும். உள்ளே குல்லா வைக்காமல் சுற்றினால் நடிகர் குனிந்ததும் அவிழும்.

1911-இல் வெளிவந்த ஏ. சி. லவெட்டின் நீர்வண்ணப் படங்களையும் ஆப்கான் வீரர் என்று போட்டுவிடுகிறார்கள். அவற்றில் இருப்பவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்த பட்டாணியர். ஆப்கானிஸ்தான் அமீரின் படைக்கு அவை பொருந்தா.

வாங்குவதா, இறக்கிக்கொள்வதா

வேலைக்கு மட்டுமென்றால் வாங்கத் தேவையில்லை. பிரிட்டிஷ் நூலகத்திலும் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகப் படைச் சேகரத்திலும் இத்தகைய படங்கள் இருக்கின்றன. ராட்ரேயின் தாள்கள் விக்கிமீடியா பொதுவகத்திலும் கிடைக்கும். ஏ4 பக்கம் நிறைய 300 டிபிஐ-யில் அச்சிட 2480 × 3508 புள்ளிகள் வேண்டும். அதற்குக் குறைந்தால் கல்லச்சின் மணல்போன்ற சாயை குழைந்துவிடும். வரைந்தவர்களின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நூலகம் எடுத்த நகலுக்குத் தனி நிபந்தனை இருக்கலாம், அட்டைக்குப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

மூலத்தாள் வாங்குபவர் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். கல்லச்சில் கிரேயான் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற மணிகள் தெரியும். அக்வாடின்டில் நுண்ணிய வலைபோன்ற விரிசல் தெரியும், வெட்டப்படாத தாளென்றால் தகடு அழுந்திய பள்ளம் ஓரத்தில் ஓடும். வரிசையான வண்ணப் புள்ளிகள் பூப்போல் சேர்ந்து தெரிந்தால் அது இக்காலத்து ஆஃப்செட் நகல். கைவண்ணம் கோட்டைத் தாண்டி அங்கங்கே வழிந்திருப்பது நல்ல அறிகுறி, ஆனால் அது பழையதா என்பது வேறு கேள்வி: வண்ணமில்லாமல் விற்ற தாள்களுக்குப் பின்னாளில் விலைக்காக வண்ணம் தீட்டியவர்கள் உண்டு. அடியில் வரைந்தவர் பெயரும் கல்லச்சர் பெயரும் இருக்கும் விளிம்பை வெட்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பத்திரிகையிலிருந்து கிழித்த மரச்செதுக்குப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. அவற்றில் கைவண்ணம் இருந்தால் அது பெரும்பாலும் பிற்பாடு யாரோ தீட்டியது, அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.